பேச்சுரிமைக்கு வரம்பு வேண்டுமா? துண்டுச் சீட்டில் வந்த கேள்விகள்

பேச்சுரிமை பற்றிக் கலந்துரையாடல் நடத்தும்போதெல்லாம் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்வது என் வழக்கம். எழுந்து நின்று கேட்கக் கூசுகிறவர்கள் சீட்டில் துணிந்து எழுதுவார்கள். சில ஆண்டுகளில் ஓர் அட்டைப்பெட்டி நிறைந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே கேள்விகள், கையெழுத்து மட்டும் வேறு வேறு. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தந்திருக்கிறேன். எளியவை முதலில், என்னைத் திணறடித்தவை பின்னால்.

1. பேச்சுரிமை என்றால் மனத்தில் பட்டதையெல்லாம் பேசலாம் என்றுதானே அர்த்தம்?

முழுக்க அப்படியில்லை. நீங்கள் பேசியதற்காக அரசு உங்களைச் சிறையில் தள்ளவோ, அச்சகத்துக்குப் பூட்டுப் போடவோ, கூட்டத்தைக் கலைக்கவோ கூடாது. உரிமையின் சாரம் அதுதான். கேட்பவர் கைதட்ட வேண்டும், யாரும் மறுத்துப் பேசக் கூடாது, உங்களுக்கு மேடை தந்தே ஆக வேண்டும் என்றெல்லாம் அதில் எதுவும் இல்லை. விருந்துக்குப் போன வீட்டில் வாய்க்கு வந்ததைப் பேசினால் அடுத்த முறை அழைக்கமாட்டார்கள். அதில் தலையிட எந்த அரசியல் சாசனமும் வராது.

பலர் மறந்துவிடும் பாதி ஒன்றும் உண்டு. பேசாமல் இருப்பதும் இந்த உரிமைக்குள் அடக்கம். தேசிய கீதம் ஒலித்தபோது மரியாதையாக எழுந்து நின்று, மத நம்பிக்கை காரணமாகப் பாட மட்டும் மறுத்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் வாயைப் பொத்துவதும் ஒரே கை செய்கிற இரண்டு வேலைகள்.

2. வரம்பே இல்லாத பேச்சுரிமை உள்ள நாடு எது?

எதுவும் இல்லை. அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் (1791) பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றவே கூடாது என்கிறது. அந்த நாட்டிலும் நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சி சொன்னால் சிறை. கொலை மிரட்டல் விடுத்தால் சிறை. பொய் சொல்லிப் பணம் பறித்தால் மோசடி வழக்கு. இவை எல்லாமே வாயால் செய்கிற காரியங்கள்தான்.

மற்ற நாடுகள் வரம்பை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கின்றன. இந்திய அரசியல் சாசனத்தின் கதை சுவையானது. சென்னை மாகாண அரசு ஓர் இதழைத் தன் எல்லைக்குள் வரவிடாமல் தடுத்தது. அந்தத் தடை செல்லாது என்று 1950-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டே சாசனம் முதல்முறையாகத் திருத்தப்பட்டு, ‘பொது ஒழுங்கு’ உள்ளிட்ட புதிய காரணங்கள் வரம்புப் பட்டியலில் ஏறின. அதே திருத்தத்தில் ‘நியாயமான’ என்ற ஒரு சொல்லும் நுழைந்தது: கட்டுப்பாடு இருக்கலாம், ஆனால் நியாயமானதாக இருக்க வேண்டும். அது நியாயமா இல்லையா என்று பார்க்கிற வேலை இன்றுவரை நீதிபதிகளுடையது. ஆகவே ‘வரம்பு வேண்டுமா’ என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பெரிய பயனில்லை. எந்த வரம்பு, யார் கையில், எந்த அளவுகோலால் என்பதில்தான் சண்டையே.

3. சரி, கோட்டை எங்கே போடுவது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சொல்லும் வார்த்தையை மட்டும் வைத்துக் கோடு போட முடியாது. ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் ஓர் உதாரணம் தந்தார். ‘தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள்’ என்று பத்திரிகையில் எழுதினால் அது கருத்து. யாரும் கைவைக்கக் கூடாது. கொதித்துப்போன கூட்டம் ஒன்று வியாபாரி வீட்டு வாசலில் திரண்டிருக்கும்போது அதே வாக்கியத்தை அங்கே நின்று முழங்கினால் தண்டிக்கலாம். ஓர் எழுத்துகூட மாறவில்லை. இடமும் நேரமும் கேட்கிற கூட்டமும் மாறின; அதனால் சொல்லே செயலாகிவிட்டது.

இன்றைய சட்டங்கள் இதை மூன்று கேள்விகளாகக் கேட்கின்றன. ஐ.நா.வின் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் (1966) 19-ஆம் உறுப்பு அதற்கு அடிப்படை. கட்டுப்பாடு முன்கூட்டியே தெளிவாக எழுதப்பட்ட சட்டத்தில் இருக்கிறதா? பிறர் உரிமை, நற்பெயர், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் ஆகியவற்றில் ஒன்றைக் காக்கவா? அதற்கு அந்தக் கட்டுப்பாடு உண்மையிலேயே தேவையா, அதைவிட லேசான வழி இல்லையா? அரசுகள் முதலிரண்டையும் எளிதாகத் தாண்டிவிடும். தடுக்கி விழுவது மூன்றாவதில்தான். யாராவது ‘இதைத் தடை செய்ய வேண்டும்’ என்றால் நான் நேராக மூன்றாவது கேள்விக்குப் போய்விடுவேன்.

4. கூட்டமான தியேட்டரில் ‘தீ! தீ!’ என்று கத்தக் கூடாது. இந்த ஓர் உதாரணம் போதாதா, எல்லாவற்றையும் விளக்க?

இந்த உதாரணத்தை நானும் பல ஆண்டுகள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், அது பிறந்த வழக்கைப் படிக்கும் வரை.

1919, அமெரிக்க உச்ச நீதிமன்றம். குற்றம் சாட்டப்பட்ட சார்லஸ் ஷெங்க் தியேட்டரிலும் கத்தவில்லை, தெருவிலும் கத்தவில்லை. சோஷலிஸ்ட் கட்சிக்காரரான அவர் துண்டறிக்கை அச்சடித்துத் தபாலில் அனுப்பினார். முதல் உலகப்போருக்குக் கட்டாயமாக ஆள் சேர்ப்பது அடிமைத்தனம், அதைச் சட்டப்படி எதிர்க்க உங்களுக்கு உரிமை உண்டு என்பதே அறிக்கையின் செய்தி. அவரைச் சிறைக்கு அனுப்பிய தீர்ப்பில்தான் நீதிபதி ஹோம்ஸ் தியேட்டர் உவமையை எழுதினார். அதிலும் அவர் எழுதியது ‘பொய்யாக’ தீ என்று கத்துவது. நாம் மேற்கோள் காட்டும்போது அந்த ஒரு சொல் கழன்று விழுந்துவிடுகிறது. உண்மையிலேயே தீப்பிடித்திருந்தால் கத்துகிறவன்தானே நல்லவன்? போர் மனிதர்களைத் தின்கிறது என்று நம்பிய ஒருவர் தீ என்று கத்தினார். தீ இருந்ததா இல்லையா என்பதுதான் கேள்வியே.

அதே ஆண்டில் இன்னொரு துண்டறிக்கை வழக்கில் ஹோம்ஸே பெரும்பான்மையோடு முரண்பட்டு, பேச்சுரிமைக்கு ஆதரவாக எழுதினார். 1969-இல் அதே நீதிமன்றம் அளவுகோலை வெகுவாக இறுக்கியது: உடனடியாகச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும், அது நடந்துவிடக்கூடிய நிலையும் சேர்ந்திருந்தால்தான் தண்டிக்கலாம். அந்தத் தீர்ப்பால் விடுதலையானவர் கு கிளக்ஸ் கிளான் என்ற இனவெறி அமைப்பின் உள்ளூர்த் தலைவர். பேச்சுரிமை விரிவடைந்த வழக்குகளில் நல்ல மனிதர்கள் குறைவு. பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

5. அவதூறு என்றால் திட்டுவதுதானே?

இல்லை. ‘நீ முட்டாள்’ என்பது திட்டு. ‘நீ அலுவலகப் பணத்தைத் திருடினாய்’ என்பது உண்மையா பொய்யா என்று சரிபார்க்கக்கூடிய கூற்று. அது பொய்யாக இருந்து, மூன்றாம் ஆள் காதில் விழுந்து, உங்கள் பெயர் கெட்டால் அவதூறு. எல்லாத் திட்டையும் அவதூறு ஆக்கினால் நீதிமன்றத்தில் வேறு வேலை நடக்காது.

6. அவதூறுச் சட்டம் நல்லதுதானே? பொய் சொல்கிறவனைத்தானே அது பிடிக்கிறது?

சிறு பிழை விட்டவரையும் பிடிக்கும். அதிகாரத்தில் இருப்பவர்கள் அதைத்தான் விரும்புவார்கள். 1960 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இதழில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு நிதி திரட்டும் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் கறுப்பின மாணவர்கள் எப்படி ஒடுக்கப்பட்டார்கள் என்று அது சொன்னது. அதில் பிழைகள் இருந்தன: கிங் ஏழு முறை கைதானதாக எழுதியிருந்தார்கள், உண்மையில் நான்கு முறை, மாணவர்கள் பாடியதாகச் சொன்ன பாட்டுகூட வேறு. நகரின் காவல்துறைக்குப் பொறுப்பாக இருந்த சல்லிவன் வழக்குத் தொடுத்தார். விளம்பரத்தில் அவர் பெயரே இல்லை. ஆனாலும் உள்ளூர் ஜூரி அவருக்கு 5 லட்சம் டாலர் வழங்கச் சொன்னது.

1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தள்ளியது. பொய் என்று தெரிந்தே சொன்னார், அல்லது உண்மையா என்று கவலையே படாமல் சொன்னார் என்று பொதுப் பதவியில் இருப்பவர் நிரூபிக்க வேண்டும் என்பது அதன் விதி. எல்லா நாடுகளும் இவ்வளவு தூரம் போவதில்லை. சில இடங்களில் சொன்னது உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது. பொது நன்மைக்காகச் சொன்னேன் என்றும் காட்ட வேண்டும். இந்தியக் குற்றவியல் சட்டம் அந்த வகை. என் கருத்தில் அவதூறுக்கு இழப்பீடு சரி, சிறை தவறு.

7. என் மனம் புண்பட்டுவிட்டது. அது பாதிப்பு இல்லையா?

பாதிப்புதான். வலிக்கவில்லை என்று யாரும் உங்களிடம் சொல்ல முடியாது. சட்டம் கையிலெடுக்கும்போது வேறு ஒரு சிக்கல் வருகிறது: அளப்பது எப்படி? எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டும். மனம் எவ்வளவு முறிந்தது என்பதைப் புண்பட்டவர் மட்டுமே சொல்ல முடியும். அதைச் சட்டமாக்கினால் யார் அதிகம் கொதிக்கிறார்களோ அவர்களுக்கு அதிக உரிமை கிடைக்கும். பொறுமைசாலிகள் தோற்பார்கள்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1976-இல் ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கியது: இனிக்கிற கருத்துக்கும் யாரையும் உறுத்தாத கருத்துக்கும் மட்டுமல்ல, புண்படுத்தும், அதிர்ச்சி தரும், கலக்கமூட்டும் கருத்துக்கும் இந்த உரிமை உண்டு. யாருக்கும் வலிக்காத பேச்சுக்குப் பாதுகாப்பே தேவையில்லையே.

நான் வைத்துக்கொள்ளும் பிரிப்பு இது. ஒரு நம்பிக்கையைக் கேலி செய்யலாம். அந்த நம்பிக்கை உள்ளவரை வீடு தேடிப்போய் மிரட்டக் கூடாது. தெய்வ நிந்தனைச் சட்டங்கள் இந்த இரண்டையும் கலந்துவிடுகின்றன. இங்கிலாந்து 2008-இல் அந்தக் குற்றத்தை நீக்கியது. டென்மார்க் 2017-இல் நீக்கியது; பிறகு புனித நூல் எரிப்புகள் வெளியுறவுச் சிக்கலாக மாறியதும் 2023-இல் மத நூல்களை இழிவாகக் கையாள்வதைத் தடுக்கும் புதிய சட்டம் கொண்டுவந்தது. அழித்த கோட்டை ஆறே ஆண்டில் வேறு மையால் போட்டுக்கொண்டார்கள்.

8. நாவைக் காக்க வேண்டும் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே, அப்புறம் என்ன பேச்சுரிமை?

சொல்லியிருக்கிறார், யாரிடம் என்று பாருங்கள். நாவைக் காக்கும் அறிவுரை பேசுகிறவனுக்கு. அது அடக்கம் பற்றிய பாடம். அரசனிடம் பேசும்போது வள்ளுவர் வேறு மாதிரி பேசுகிறார்: காது கசக்கும் சொல்லைப் பொறுத்துக்கொள்ளும் வேந்தனின் குடைக்கீழ்தான் உலகம் தங்கும்; இடித்துரைக்க ஆளில்லாத மன்னன், கெடுக்க ஆளில்லாவிட்டாலும் தானே கெடுவான். ஆக, பேசுபவனுக்கு அடக்கமும் ஆள்பவனுக்குப் பொறுமையும் சொல்லப்பட்டிருக்கின்றன. நாவைக் காக்கச் சொல்லும் குறளை அரசாங்கம் மேற்கோள் காட்டும்போதெல்லாம் நான் அரசனுக்குச் சொன்னதை எடுத்து நீட்டுவேன்.

9. அரசைத் தாறுமாறாகத் திட்டினால் அது தேசத்துரோகம்தானே?

அரசு வேறு, தேசம் வேறு. 1922-இல் அகமதாபாத் நீதிமன்றத்தில் ராஜத்துரோகப் பிரிவின்கீழ் நின்ற காந்தி குற்றத்தை ஒப்புக்கொண்டார். கூடவே, அன்பைச் சட்டத்தால் உற்பத்தி செய்ய முடியாது என்றார். ஆறு ஆண்டுச் சிறை. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களின் நாடே 2009-இல் தன் வீட்டில் அந்தக் குற்றத்தை ஒழித்துவிட்டது. வன்முறைக்கு அழைத்தால் மட்டும் 3-ஆம், 4-ஆம் பதில்களில் உள்ள அளவுகோல் பொருந்தும்.

10. ஒருவர் பேசினால் கலவரம் வரும் என்று தெரிகிறது. பேச்சாளரைத் தடுத்துவிடுவதுதானே புத்திசாலித்தனம்?

கலவரம் செய்யப்போவது யார் என்று முதலில் பார்க்க வேண்டும். பேச்சாளர் தன் ஆட்களைப் பார்த்து ‘அடி’ என்றால் மில் சொன்ன வியாபாரி வீட்டு வாசல்தான், தடுக்கலாம். பேச்சைப் பிடிக்காதவர்கள் ‘நடத்தினால் கொளுத்துவோம்’ என்றால் கதை வேறு. அப்போது பேச்சாளரைத் தடுப்பது, மிரட்டியவனுக்குப் பரிசு கொடுப்பது. அடுத்த முறை அவன் இன்னும் பெரிய தீப்பெட்டியோடு வருவான்.

1989-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் இட ஒதுக்கீட்டை விமர்சித்த ஒரு தமிழ்த் திரைப்படத்தின் வழக்கு வந்தது. படம் வெளியானால் வன்முறை வெடிக்கும் என்று தமிழ்நாடு அரசு தரப்பில் வாதம். ஆர்ப்பாட்டம், வன்முறை என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது. அப்படிச் செய்வது சட்டத்தின் ஆட்சியையே கைவிடுவது என்றது நீதிமன்றம். கருத்துக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறிபோல நெருக்கமானதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. படத்தின் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. தீர்ப்போடு முழு உடன்பாடு.

11. வெறுப்புப் பேச்சு வெறும் பேச்சுதானே? வாயால் யாரையும் கொல்ல முடியாதே?

ருவாண்டாவில் ஆர்.டி.எல்.எம். என்று ஒரு வானொலி நிலையம் இருந்தது. துள்ளலான இசை, நகைச்சுவை, நேயர் அழைப்புகள்; இளைஞர்கள் விரும்பிக் கேட்டார்கள். இடையிடையே டுட்ஸி என்ற சிறுபான்மை இன மக்களைக் ‘கரப்பான் பூச்சிகள்’ என்றார்கள். 1994 ஏப்ரலில் படுகொலை தொடங்கியதும் யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று பெயர் சொல்லி அறிவித்தார்கள். சுமார் 100 நாட்களில், ஐ.நா. மதிப்பீட்டின்படி, ஏறக்குறைய 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள்.

இந்த வழக்கில் நான் அடிக்கடி காட்டும் இடம் ஒன்று உண்டு. சர்வதேசத் தீர்ப்பாயம் 2003-இல் நிலையத்தை நடத்தியவர்களைத் தண்டித்தது. 2007-இல் மேல்முறையீட்டு அமர்வு அதே ஒலிபரப்புகளைத் தேதி வாரியாகப் பிரித்தது. ஏப்ரல் 6-க்கு முந்தையவை இன வெறுப்பைக் கிளறின, ஆனால் இனப்படுகொலைக்கான நேரடித் தூண்டுதல் என்று நிறுவப்படவில்லை. அதன் பிறகு வந்தவற்றில் நேரடித் தூண்டுதல் இருந்தது. இத்தனை பிணங்களுக்குப் பிறகும் நீதிபதிகள் உட்கார்ந்து கோடு எங்கே என்று தேடினார்கள். சிலருக்கு இது கல்நெஞ்சாகத் தெரிகிறது. எனக்கு அது நீதிமன்றம் செய்ய வேண்டிய வேலை.

12. ஹிட்லரைப் பேசவே விடாமல் செய்திருந்தால் உலகம் தப்பித்திருக்குமே?

செய்தார்கள். 1925-இல் பவேரியா அவர் பொதுக்கூட்டங்களில் பேசத் தடை விதித்தது. 1927 வரை நீடித்தது. பிரஷ்யாவில் 1928 வரை. நாஜிகள் அதை அப்படியே சுவரொட்டி ஆக்கினார்கள்: ஹிட்லரின் முகம், வாயின் குறுக்கே ஒட்டிய பட்டை, ‘உலகின் 200 கோடிப் பேரில் இவர் ஒருவர் மட்டும் ஜெர்மனியில் பேசக் கூடாதாம்’ என்ற வாசகம். தடை அவரைத் தியாகியாக நடிக்கவைத்தது.

அதனால் தடையே வளர்த்துவிட்டது என்று சொல்லமாட்டேன்; பொருளாதாரச் சரிவும் வேலையின்மையும் இல்லாமல் அந்தக் கட்சி அவ்வளவு வாக்கு வாங்கியிருக்காது. ஆனால் ‘வாயை அடைத்தால் போதும்’ என்ற மருந்து அங்கே வேலை செய்யவில்லை. அதைவிட என்னை உறுத்துவது அடுத்து நடந்தது. குடியரசின் சாசனத்திலேயே நெருக்கடிக் காலத்தில் உரிமைகளை நிறுத்திவைக்கும் பிரிவு இருந்தது. 1933 பிப்ரவரி 28-இல், நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாள், அந்தப் பிரிவைக் காட்டியே பேச்சுரிமையையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் முடக்கினார்கள். நல்லவர்கள் செய்துவைத்த பூட்டு. சாவி கை மாறியது. இன்றைய ஜெர்மனி யூதப் படுகொலையை மறுப்பதைக் குற்றமாக வைத்திருக்கிறது. அவர்கள் வரலாற்றுக்கு அது புரிகிறது. எல்லா நாட்டுக்கும் நகலெடுக்கலாமா என்பதில் எனக்குத் தயக்கம்.

13. சகிப்பில்லாதவர்களைச் சகிக்கக் கூடாது என்று ஒரு தத்துவஞானி சொன்னாராமே?

கார்ல் பாப்பர், 1945. ஓர் அடிக்குறிப்பில் சொன்னது. பரப்புகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். வாதத்தாலும் பொதுக் கருத்தாலும் எதிர்கொள்ள முடிகிற வரை அத்தகைய கருத்துகளை அடக்குவது அறிவீனம் என்பதும் அதே குறிப்பில் இருக்கிறது. வாதத்துக்கே வராமல் கைமுஷ்டியால் பதில் சொல்லத் தொடங்கும்போதுதான் அடக்கும் உரிமை என்கிறார். 3-ஆம் பதிலுக்கே திரும்பி வந்துவிட்டோம்.

14. பொய்ச் செய்தி பரப்புகிறவர்களைப் பிடித்து உள்ளே தள்ளினால் என்ன?

2019 டிசம்பர் 30-ஆம் தேதி வூகான் நகரத்துக் கண் மருத்துவர் லி வென்லியாங், உடன் படித்த மருத்துவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பினார்: சார்ஸ் நோய் வந்திருக்கிறது, கவனம். நான்கு நாள் கழித்துக் காவல் நிலையத்துக்கு அழைத்து, பொய் பரப்பியதாகக் கண்டனக் கடிதம் ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள். கடிதத்தின் கீழே இரண்டு கேள்விகள். இதை நிறுத்திக்கொள்ள முடியுமா? ‘முடியும்’ என்று எழுதினார். புரிந்ததா? ‘புரிந்தது’ என்று எழுதினார். பெயர் மேல் சிவப்பு மையில் விரல் ரேகை. பிப்ரவரியில் அதே தொற்றால் இறந்தார். மார்ச்சில் காவல்துறை கண்டனத்தைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டது. அவர் எழுதியதில் ஒரு பிழையும் இருந்தது. அது சார்ஸ் அல்ல, புதிய வைரஸ். அந்தப் பிழையைப் பிடித்துக்கொண்டுதான் ‘வதந்தி’ என்றார்கள்.

பொய்யை அப்படியே விட்டுவிடவும் முடியாது. 2012-இல் அமெரிக்காவின் சாண்டி ஹுக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அது நாடகம் என்று அலெக்ஸ் ஜோன்ஸ் தன் நிகழ்ச்சியில் ஆண்டுக்கணக்கில் சொன்னார். கேட்டவர்கள் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரைத் தேடிப்போய்த் தொல்லை கொடுத்தார்கள். 2022-இல் ஒரு ஜூரி சுமார் 96 கோடி டாலர் இழப்பீடு விதித்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் அதிகாரத்துக்குச் சங்கடம். எது பொய் என்று தீர்மானித்ததும் அதிகாரமே, நான்கே நாளில். இன்னொன்றில் குறிப்பிட்ட மனிதர்களுக்குத் தீங்கு. பாதிக்கப்பட்டவர்களே வழக்குத் தொடுத்து, சாட்சி சொல்லி, வென்றார்கள். ‘பொய்’ என்ற காரணத்துக்காக மட்டும் தண்டிக்கும் சட்டம் எனக்கு வேண்டாம். மோசடி, அவதூறு, தொல்லை என்று பொய் எந்தத் தீங்காக மாறுகிறதோ அந்தப் பெயரில் தண்டிக்கட்டும்.

15. வெளியான பிறகு தண்டிப்பதைவிட, முன்பே தணிக்கை செய்வது எல்லோருக்கும் வசதி அல்லவா?

தணிக்கை செய்பவருக்கு வசதி. தண்டனை என்றால் அரசு திறந்த நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். மக்களும் அந்தப் பேச்சைப் பார்த்திருப்பார்கள். முன்தணிக்கையில் பேச்சே பிறக்காது. இழந்தது என்ன என்று யாருக்கும் தெரியாது. அச்சிடும் முன் உரிமம் வாங்கும் முறையை எதிர்த்து ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1644-இல் எழுதினார் (கத்தோலிக்கர்களுக்கு மட்டும் அந்தச் சுதந்திரம் வேண்டாம் என்றார், யாருக்கும் ஒரு விதிவிலக்கு இருக்கும்போலும்). இங்கிலாந்தில் அத்தகைய உரிமச் சட்டம் 1695-இல் காலாவதியானது. போரோ கலவரமோ அல்ல, புதுப்பிக்காமல் விட்டதுதான் காரணம்.

16. என் பதிவைச் சமூக வலைத்தளம் நீக்கிவிட்டது. இது பேச்சுரிமை மீறல்தானே?

சட்டப்படி பெரும்பாலும் இல்லை. 1-ஆம் பதிலில் சொன்ன விருந்து வீடுதான்: அது தனியார் இடம், அவர்கள் விதி. அரசு திரைமறைவில் நெருக்கி நீக்கவைத்திருந்தால் அது வேறு. அரசின் கையாகத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்தப் பதில் எனக்கே முழுத் திருப்தி தருவதில்லை. ஊரில் ஒரே ஒரு மைதானம் இருந்து, அதுவும் ஒருவர் சொத்து என்றால் ‘வேறு வீட்டுக்குப் போ’ என்பது பதிலாகாது. எதை நீக்கச் சொன்னாலும் நீக்காதே என்று நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவும் எனக்கு மனமில்லை. குறைந்தபட்சம் காரணம் சொல்ல வேண்டும், முறையிட வழி இருக்க வேண்டும், முறையீட்டை ஒரு மனிதர் படிக்க வேண்டும்.

17. நாஜிகளுக்குக்கூடப் பேச்சுரிமை வேண்டும் என்பீர்களா? நீங்கள் பாதிக்கப்பட்டவராக இருந்தால் இப்படிப் பேசுவீர்களா?

இந்தச் சீட்டை எழுதியவர் பேனாவை அழுத்தி எழுதியிருந்தார். தாளின் பின்பக்கம் தடவினால் எழுத்து புடைத்துத் தெரிந்தது.

1977-இல் அமெரிக்காவின் ஸ்கோக்கி என்ற ஊரில் ஊர்வலம் போக நவநாஜிகள் அனுமதி கேட்டார்கள். வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்கள் நிறையப் பேர் வாழ்ந்த ஊர் அது. ஊர் நிர்வாகம் தடுத்தது. ஊர்வல உரிமைக்காக வாதாடிய அமைப்பின் தலைவர் ஆர்யே நையர் பெர்லினில் பிறந்த யூதர்; குழந்தையாக நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர். ஆயிரக்கணக்கானோர் அமைப்பை விட்டு விலகினார்கள். வழக்கில் வென்றும், கடைசியில் அந்தக் கூட்டம் ஸ்கோக்கிக்கு வரவில்லை. சிகாகோவில் கூட்டம் போட்டுவிட்டுக் கலைந்தது.

நையரின் வாதம் எனக்குப் புரிகிறது: ஒரு சிறு நகர நிர்வாகத்துக்குப் பிடிக்காத ஊர்வலத்தைத் தடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்தால், அது நாளை கறுப்பின உரிமை ஊர்வலத்தின் மேல் பாயும். ஆனால் அந்த ஊரில் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருக்கக்கூடிய ஒரு மூதாட்டியிடம் இதைச் சொல்லும் துணிவு எனக்கு இருக்குமா? பாதிக்கப்படாத இடத்திலிருந்து பேசுவது எளிது என்று நீங்கள் குத்திக்காட்டினால் ஏற்றுக்கொள்கிறேன். ஊர்வலத்தை அனுமதித்திருப்பேன். அந்த மூதாட்டியின் தெரு வழியாகவே போக வேண்டும் என்று அடம்பிடித்தால், பாதையை மாற்றச் சொல்லியிருப்பேன். சட்ட நிபுணர்கள் சிலர் இதையும் தவறென்பார்கள்.

18. இந்த விஷயத்தில் நீங்கள் எப்போதாவது கருத்தை மாற்றிக்கொண்டதுண்டா?

ஒரு முறை. கெட்ட பேச்சுக்கு மருந்து இன்னும் அதிகப் பேச்சு என்று அமெரிக்க நீதிபதி பிராண்டைஸ் 1927-இல் எழுதியதைத்தான் கலந்துரையாடலின் கடைசி வாக்கியமாக வைத்திருந்தேன். ஒருநாள் ஒரு கல்லூரி மாணவி எழுந்து, முழு வாக்கியத்தையும் படிக்கச் சொன்னாள். படித்தேன். ‘பொய்யை விவாதத்தால் அம்பலப்படுத்த நேரம் இருக்குமானால்’ என்று அது தொடங்குகிறது. அந்த நிபந்தனையை எத்தனையோ அரங்குகளில் நான் விழுங்கியிருக்கிறேன். 4-ஆம் பதிலில் ‘பொய்யாக’ என்ற சொல்லை விட்டுவிடுகிறவர்களைக் கிண்டல் செய்கிற அதே நான்.

கைபேசியில் வரும் வதந்திக்கு அந்த நேரம் இருப்பதில்லை. மியான்மரில் ரோஹிங்கியா மக்களுக்கு எதிரான வன்முறையைத் தூண்டத் தன் தளம் பயன்பட்டதைத் தடுக்கப் போதிய அளவு செய்யவில்லை என்று ஃபேஸ்புக் நிறுவனமே 2018-இல் ஒப்புக்கொண்டது. மறுப்பு வந்து சேர்வதற்குள் வீடுகள் எரிந்து முடிந்திருந்தன. இருந்தும் அரசு உட்கார்ந்து செய்திகளைப் படித்து வடிகட்டுவதை இன்றும் நான் ஏற்கவில்லை. வேகத்தைக் குறைப்பதை ஏற்கிறேன். வாட்ஸ்அப் 2019-இல் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி உலகம் முழுதும் மாற்றியது. 2020-இல், ஏற்கெனவே பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும்தான் அனுப்பலாம் என்றாக்கியது. எந்தச் செய்தியையும் யாரும் படித்துப் பார்த்துத் தடுக்கவில்லை. அனுப்புகிற கட்டைவிரலுக்குக் கொஞ்சம் வேலை கூடியது, அவ்வளவுதான். முன்பாக இருந்தால் இதையும் கட்டுப்பாடு என்று எதிர்த்திருப்பேன்.